ஸ்ட்ரைக் நடக்கும் நாளில் ஆர்டர் போடலாமா? உங்க 300 ரூபாயோட கணக்கு



2025 டிசம்பர் 31 அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க? வீட்டு இட்லின்னா விட்டுடுங்க. ஆப்ல பிரியாணி, கேக், கூல்ட்ரிங்ஸ்னு ஏதாவது ஆர்டர் போட்டிருந்தீங்கன்னா, ஜொமாட்டோவும் பிளிங்கிட்டும் அந்த ஒரே நாள்ல கொண்டு போய்க் கொடுத்த 75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்கள்ல உங்களோடதும் ஒண்ணா இருக்கலாம். இந்த எண்ணை வெளியிட்டது அந்த நிறுவனங்களோட அப்போதைய தலைவர் தீபிந்தர் கோயல். 63 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட டெலிவரி பார்ட்னர்கள்னும் அவர் சொன்னார். அது அந்த நிறுவனத்துக்கே ஒரு புது ரெக்கார்ட்.

அதே நாள்தான் நாடு முழுக்க டெலிவரி ஊழியர்களோட ஸ்ட்ரைக்.

இந்த வலைப்பூவுல வழக்கமா எஸ்.ஐ.பி., வரி, கிரெடிட் கார்டுன்னுதான் பேசுவோம். ஸ்ட்ரைக் எங்கே வந்துச்சுன்னு கேட்கலாம். நம்ம கையில இருக்கற பணத்துக்கு மூணு வேலை உண்டு. செலவு செய்யலாம், சேமிக்கலாம், முதலீடு செய்யலாம். நாலாவதா ஒண்ணு இருக்கு: செலவு செய்யாம நிறுத்தி வைக்கறது. அதுக்குப் பேர்தான் நுகர்வோர் புறக்கணிப்பு. அது எப்போ வேலை செய்யும், எப்போ வீணாப் போகும், எப்போ நாம உதவணும்னு நினைக்கற ஆளையே குத்தும்? இதுவும் பணத்தோட கணக்குதான். போட்டுப் பார்ப்போம்.

டிசம்பர்ல என்ன நடந்துச்சு?

தெலங்கானா கிக் தொழிலாளர் சங்கமும், ஆப் வழி போக்குவரத்துத் தொழிலாளர்களோட அகில இந்தியக் கூட்டமைப்பும் டிசம்பர் 25, 31 ரெண்டு நாளும் ஆப்பை லாக்-ஆஃப் செய்யச் சொல்லிக் கேட்டாங்க. 10 நிமிஷ டெலிவரியை நிறுத்தணும், பழைய ஊதியக் கணக்கு முறைக்குத் திரும்பணும், காரணம் சொல்லாம ஐ.டி.யை முடக்கக் கூடாது, விபத்துக் காப்பீடு வேணும். கோரிக்கைகள் இவைதான். கிறிஸ்துமஸும் நியூ இயரும் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. கடைக்கு எந்த நாள்ல கூட்டமோ அந்த நாள்ல நிறுத்தினாத்தான் முதலாளிக்கு உறைக்கும்.

நிறுவனங்கள் என்ன செஞ்சாங்க? ஊக்கத்தொகையை ஏத்தினாங்க. 31-ம் தேதி சாயங்காலம் 6 மணியில இருந்து நள்ளிரவு வரைக்கும் ஒரு ஆர்டருக்கு 120-ல இருந்து 150 ரூபாய் வரை ஜொமாட்டோ தரப்போறதா அப்போ செய்திகள்ல வந்துச்சு. சாதாரண நாள்ல ஒரு ஆர்டருக்கு அதுல பாதி கூடக் கிடைக்காத பையன் என்ன செய்வான்? வண்டியை எடுத்துட்டுக் கிளம்புவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல.

ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த 150 ரூபாயை நிறுவனம் எதை நம்பிக் கொடுத்துச்சு? உங்க ஆர்டரை நம்பி. ஆர்டர் வராதுன்னு தெரிஞ்சிருந்தா ஊக்கத்தொகைக்கே வேலை இல்லை. ஸ்ட்ரைக் செய்யறவர் அன்னைக்கு வருமானத்தை, அதுவும் வருஷத்துலயே நல்ல வருமானம் வரக்கூடிய ஒரு நாளை விட்டுக்கொடுக்கறார். நாம விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு பார்சல் பிரியாணி. அதைக் கூட 63 லட்சம் பேர் விடலை.

விடலைன்னா எல்லாரும் கெட்டவங்கன்னு அர்த்தம் இல்லை. பாதிப் பேருக்கு ஸ்ட்ரைக்னே தெரியாது. தெரிஞ்ச பலருக்கு, "நான் ஒருத்தன் போடலைன்னா என்ன ஆயிடப் போகுது?" 75 லட்சத்துல ஒண்ணு. கணக்கு அவங்க பக்கம்தான் இருக்கு. இங்கேதான் புறக்கணிப்போட முதல் சிக்கல்: தனியா செஞ்சா அதுக்கு விலையே இல்லை, கூட்டமா செஞ்சா மட்டும்தான் விலை.

102 ரூபாய்

சண்டை எதைப் பத்தினதுன்னு புரியறதுக்கு ஒரு கணக்கு. 2025-ல ஜொமாட்டோ டெலிவரி பார்ட்னர் ஒருத்தரோட சராசரி வருமானம், டிப்ஸ் இல்லாம, ஒரு மணி நேரத்துக்கு 102 ரூபாய்னு கோயலே சொன்னார். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாசம் 26 நாள் ஓட்டினா சுமார் 26,500 ரூபாய். பெட்ரோல், வண்டிப் பராமரிப்புக்கு 20 சதவீதம் கழிச்சா கையில நிக்கறது 21,000 சொச்சம். இதுவும் நிறுவனத் தரப்புக் கணக்குதான், சங்கத்தோட கணக்கு இல்லை.

21,000 பரவாயில்லையேன்னு தோணுதா? இப்போ உங்க சம்பள ஸ்லிப்பை எடுங்க. உங்க பேசிக் 15,000 ரூபாய்னு வைச்சுக்குவோம். கம்பெனி தன் பங்கா 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் மாசாமாசம் பி.எஃப்.ல போடுது. வருஷத்துக்கு 21,600. வாரத்துல ஒரு நாள் லீவு, காய்ச்சல் வந்தா சிக் லீவு. மொத்தச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. உண்டு, அதுக்கும் கம்பெனி 3.25 சதவீதம் கட்டுது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்கு விடியக்காலை கம்பெனி பஸ் ஏறிப் போற நம்ம நாட்றம்பள்ளி அக்காங்களுக்கு இந்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டோட அருமையும் நல்லாத் தெரியும். அவங்க சம்பளம் அந்த டெலிவரித் தம்பியை விடக் குறைவுதான். ஆனா வேலைக்குப் போன இடத்துல அடிபட்டா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அவங்களுக்குத் தெரியும்.

ஜோலார்பேட்டையில ரயில் ஏறி பெங்களூரு போய் வண்டி ஓட்டற நம்ம ஊர்ப் பையன்களுக்கு அது தெரியாது. 26 நாளும் 10 மணி நேரமும் ஓட்டினாத்தான் அந்த 21,000. கால் சுளுக்கிப் படுத்தா அன்னைக்கு பூஜ்யம். 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் நிறுவனங்கள் வருஷ விற்பனையில 1 முதல் 2 சதவீதம் வரை கிக் தொழிலாளர் நல நிதிக்குக் கொடுக்கணும்னு சொல்லுது. தமிழ்நாட்டுல கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமே இருக்கு. உங்க வீட்டுல, தெருவுல யாராவது இந்த வேலையில இருந்தா வாரியத்துல பதிவு செஞ்சுட்டாங்களான்னு கேளுங்க. புறக்கணிப்பை விட இந்த ஒரு கேள்விக்கு உடனடிப் பலன் அதிகம்னு கூட சொல்லுவேன்.

வாங்கறவங்க ஜெயிச்ச கதை ஒண்ணு

பெரிய கடை ஒண்ணுல ஊழியர்கள் வேலையை நிறுத்த, வாடிக்கையாளர்களும் கூடச் சேர்ந்து நிறுத்தி, ரெண்டும் பலிச்ச சம்பவம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அமெரிக்காவுல மார்க்கெட் பாஸ்கெட். மசாசூசெட்ஸ் பக்கம் 71 கடைகள், சுமார் 25,000 ஊழியர்கள் இருந்த மளிகைக் குழுமம். குடும்பச் சொத்து. ரெண்டு பங்காளிகள், ரெண்டு பேர் பேரும் ஆர்தர் டெமூலஸ். (நம்ம ஊர்ல தாத்தா பேரை எல்லாப் பேரனுக்கும் வைக்கற மாதிரிதான்.) ஊழியர்கள்கிட்ட நல்ல பேர் வாங்கியிருந்த ஆர்தரை 2014 ஜூன்ல இன்னொரு ஆர்தர் பக்கம் பதவியில இருந்து தூக்கினாங்க.

குடோன் ஆட்களும் லாரி டிரைவர்களும் சரக்கு ஏத்தறதை நிறுத்தினாங்க. கடையில காய்கறி, பழம், இறைச்சி ஷெல்ஃப் எல்லாம் காலி. அந்தக் கடையில யூனியனே கிடையாது, அதுதான் ஆச்சரியம். வாடிக்கையாளர்கள் வேற கடைக்குப் போனாங்க. சும்மா போகலை. அங்கே வாங்கின பில்லைக் கொண்டு வந்து மார்க்கெட் பாஸ்கெட் கண்ணாடியில ஒட்டினாங்க! "இந்த வாரம் உனக்கு வர வேண்டிய பணம் இது, அவனுக்குப் போயிடுச்சு"ன்னு எழுத்துல காட்டற மாதிரி. ஆகஸ்ட் 27-ம் தேதி ராத்திரி உடன்பாடு வந்துச்சு. தூக்கப்பட்ட ஆர்தர் தரப்பு, எதிர்த் தரப்போட பங்குகளை 150 கோடி டாலருக்கும் மேல கொடுத்து வாங்கிக்கிட்டு, அவர் திரும்ப வந்தார்.

ஏன் பலிச்சுச்சு? மளிகை வாராவாரம் வாங்கற பொருள், அதனால நஷ்டம் முதல் வாரமே தெரியும். பக்கத்துலயே வேற கடை இருந்துச்சு, அதனால யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உள்ளே சரக்கும் இல்லை, வெளியே ஆளும் இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இறுக்கிச்சு. கடைசியா அந்த பில்லுகள். "நான் உங்க கடைக்கு வரமாட்டேன்"னு சொன்னா அது கோபம். பில்லை ஒட்டினா அது கணக்கு. முதலாளிக்குக் கோபத்தை விடக் கணக்குதான் சீக்கிரம் புரியும்.

நம்ம மண்ணுலயே இதுக்கு மூத்த உதாரணம் உண்டு. 1908 பிப்ரவரி கடைசியில தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தம் செஞ்சப்போ ஊரே அவங்க பக்கம் நின்னுச்சு. ஊர்க்காரங்க பணம் திரட்டிக் கொடுத்தாங்க. நிர்வாகத்துக்குச் சாதகமாப் பேசின ஒருத்தருக்குச் சவரம் செய்ய மாட்டேன்னு நாவிதர் ஒருத்தர் கத்தியைக் கீழே வைச்சதா வரலாறு. கவனிச்சீங்களா, இங்கே வாங்கறவங்க இல்லை, விக்கறவங்களும் சேவை செய்யறவங்களும் புறக்கணிச்சாங்க. மில் நூலை அந்த ஊர் ஜனம் தினமும் வாங்கப் போறதில்லையே, கையில இருந்த ஆயுதம் எதுவோ அதை எடுத்தாங்க. மார்ச் முதல் வாரத்துல கூலி உயர்வோட வேலைக்குத் திரும்பினாங்க.

எல்லாத்துக்கும் இது செட் ஆகாது

2024 செப்டம்பர் 9-ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. 37 நாள் நடந்துச்சு. "சாம்சங் ஃபிரிட்ஜ் வாங்காதீங்க"ன்னு அப்போ யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா, நேர்மையா யோசிச்சா, உங்களால என்ன செய்ய முடியும்? ஃபிரிட்ஜ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கற பொருள். அந்த மாசம் வாங்கற திட்டமே உங்களுக்கு இல்லைன்னா நீங்க புறக்கணிச்சதா சொல்லிக்கறது இலவச வீரம். அங்கே நிறுவனத்தை அழுத்தினது ஆலையில குறைஞ்ச உற்பத்தியும், தீபாவளிக்கு முன்னாடியான நேரமும், அரசு தரப்புப் பேச்சுவார்த்தையும். யூனியனைப் பதிவு செய்யறதுக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியிலதான் பதிவு கிடைச்சுச்சு.

அப்புறம் தள்ளிப்போடறதுக்கும் விட்டுடறதுக்கும் வித்தியாசம் இருக்கு. 31-ம் தேதி வாங்க வேண்டிய ஷாம்பூவை 1-ம் தேதி அதே ஆப்ல வாங்கினா நிறுவனத்துக்கு ஒரு ராத்திரிதான் தாமதம், ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஆனா 31-ம் தேதி ராத்திரி டின்னரை 1-ம் தேதி யாரும் சேர்த்துச் சாப்பிடறதில்லை. அந்த விற்பனை போனது போனதுதான். அதனால ஒரு நாள் புறக்கணிப்புன்னா சாப்பாட்டுக்கு அர்த்தம் உண்டு, சோப்புக்கு இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதலைன்னு அர்த்தம். டெலிவரி வேலை ஆர்டருக்கு இவ்வளவுன்னு கூலி. துணிக்கடையில நிக்கற பொண்ணுக்கு அன்னைக்குக் கூட்டம் வரலைன்னாலும் மாசச் சம்பளம் வரும். டெலிவரிப் பையனுக்கு ஆர்டர் வரலைன்னா காசு இல்லை. ஸ்ட்ரைக் நாள்ல அவரே லாக்-ஆஃப் செஞ்சிருக்கார், அதனால நாம ஆர்டர் போடாதது அவருக்குத் துணை. சங்கம் எதுவும் சொல்லாத சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, நாமளா முடிவெடுத்து ஒரு மாசம் ஆப்பைத் தொடமாட்டேன்னு உட்கார்ந்தா முதல்ல அடி வாங்கறது அவர்தான், கம்பெனி அப்புறம்தான்.

தோல் பெல்ட்ல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே தைக்கற ஷூவைப் போட்டு நடக்கறவங்க ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்காங்க. 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ, தோல் பொருள் ஏற்றுமதிக்காரங்க முகத்துல இருந்த கவலையைப் பார்த்திருப்பீங்க. அங்கே ஒருத்தர் எந்தக் காரணத்துக்காக வாங்கறதை நிறுத்தினாலும், அது நல்ல காரணமாவே இருந்தாலும், இங்கே குறையறது ஓவர்டைம், அப்புறம் ஆள். 2013-ல வங்கதேசத்துல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100-க்கும் மேற்பட்டவங்க செத்தப்போ, "எங்க துணியை வாங்காதீங்கன்னு சொல்லாதீங்க, பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வையுங்க"ங்கறதுதான் அங்கிருந்த தொழிலாளர் தரப்போட நிலை. அந்த அழுத்தத்துலதான் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தமே வந்துச்சு. 2021 தொடக்கத்துல திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த இளம்பெண் கொலையானதுக்கு அப்புறமும் இதே வழிதான். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, எச் அண்ட் எம் வரைக்கும் இழுத்து, 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினாங்க.

அதனால என்னோட அளவுகோல் ரொம்பச் சின்னது: அந்த இடத்துல வேலை செய்யறவங்களே "வாங்காதீங்க"ன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா, எந்தத் தேதி, எவ்வளவு நாள்? அந்தத் தேதிக்கு மட்டும் நிறுத்துங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்ட்ல வர்ற "இந்த கம்பெனியை ஒழிப்போம்"ல பாதி, போட்டிக் கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம்.

டிசம்பர் கதைக்கு ஒரு முடிவும் இருக்கு. ஸ்ட்ரைக்கால எந்தப் பாதிப்பும் இல்லைன்னு நிறுவனம் சொல்லி ரெண்டு வாரம்தான் ஆச்சு. 2026 ஜனவரி நடுவுல மத்திய தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசின பிறகு, பிளிங்கிட் தன் விளம்பரத்துல இருந்து "10 நிமிஷம்"ங்கற வாக்குறுதியை எடுத்துடுச்சு. 75 லட்சம் ஆர்டர் போன ஒரு நாள்ல தோத்துப் போன மாதிரி தெரிஞ்ச ஸ்ட்ரைக், ஊர் முழுக்கப் பேச வைச்சுச்சு. பேச்சு அமைச்சர் மேசை வரைக்கும் போச்சு. விளம்பரம் போயிடுச்சு, வேகம் போச்சான்னு கேட்டா, குடோன் உங்க தெருவுக்குப் பக்கத்துலயேதானே இருக்கு. கூலிக் கோரிக்கை அப்படியே நிக்குது.

அடுத்த தடவை ஸ்ட்ரைக் வந்தா

ஆர்டரைப் போட்டுட்டு எதிர்ப்பு காட்டறேன்னு கேன்சல் பண்ணாதீங்க. ஹோட்டல்காரர் சமைச்சிருப்பார், பையன் பாதி வழி வந்திருப்பான். போடாம இருக்கறது ஒண்ணு, போட்டுட்டுக் கெடுக்கறது வேற.

ஆப் மெம்பர்ஷிப் எடுத்து வைச்சிருக்கீங்களா? அதுதான் உண்மையான கயிறு. மூணு மாசத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிட்டா, "கட்டின காசு வீணாப் போகுதே"ன்னு மனசு ஸ்ட்ரைக் நாள்லயும் ஆர்டர் போடச் சொல்லும். கட்டின காசு கட்டினதுதான், இன்னைக்கு ஆர்டர் போட்டாலும் அது திரும்ப வராது. யு.பி.ஐ. ஆப்ல ஆட்டோபே மேண்டேட் பகுதிக்குப் போய்ப் பாருங்க, எதெது தானாப் புதுப்பிக்குதுன்னு தெரியும். ஸ்ட்ரைக்குக்காக இல்லைன்னாலும் உங்க பர்ஸுக்காக அதைப் பார்த்துடுங்க.

கடைசியா, நம்ம வாசகர்கள்ல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்.ஐ.பி. போடறீங்கன்னா நீங்க இந்த நிறுவனத்தோட வாடிக்கையாளர் மட்டும் இல்லை, உரிமையாளரும்தான். ஜொமாட்டோ பேரை மாத்திக்கிட்ட எடர்னல் நிறுவனம் 2025 மார்ச் 28-ல நிஃப்டி 50-க்குள்ள வந்துச்சு. ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்ல அதோட வெயிட் 1.5 சதவீதம்னு வைச்சுக்கிட்டா, உங்க 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யில 75 ரூபாய் அங்கே போகுது. அந்த 75 ரூபாய்க்காக எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீங்க, அது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்தற வேலை. ஆனா அந்தப் பங்குக்கு ஓட்டு இருக்கு. இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருக்கறவங்களுக்காக ஃபண்ட் நிறுவனம் ஓட்டுப் போடுது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எப்படி ஓட்டுப் போட்டோம், ஏன் போட்டோம்னு அவங்க இணையதளத்துல வெளியிடணும்னு செபி விதி இருக்கு. போய்ப் படிக்கலாம். டீமேட்ல நேரடியா பத்து ஷேர் வைச்சிருந்தாலும், வருஷப் பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி இ-வோட்டிங் மெயில் உங்களுக்கே வரும். பெரும்பாலும் ஜூலையில இருந்து செப்டம்பருக்குள்ள. ஸ்பேம்னு நினைச்சு அழிச்சுடாதீங்க.